யார் இந்தப் பெனி?

பெகோ என்ற சிறு நகரத்தைத் தாண்டி மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் அக்கா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்ப் பலகைகளை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். பெனிராமா. பெனியாலி. பெனிசிவா. பெனிதாயா. நான்காவது பலகையில் பொறுமை போய்விட்டது. "யார் இந்தப் பெனி? இந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரே ஆளுடையதா?"

முப்பது ஆண்டு கூட்டுறவு வங்கியின் பயிர்க்கடன் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் வேறு எப்படிக் கேட்பாள்? பெனி ஆளின் பெயர் இல்லை, அரபு மொழியில் 'மக்கள்', 'வழியினர்' என்று பொருள் என்றேன். பெனியாலி என்றால் அலியின் மக்கள். மற்ற ஊர்ப் பெயர்களிலும் அப்படித்தான் யாரோ ஒரு குடும்பம், ஏதோ ஒரு குலம்.

"சரி, அந்த அலியின் மக்கள் இப்போது எங்கே?"

இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நாங்கள் போனது கல்யினேரா பள்ளத்தாக்குக்கு. ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தின் வட மூலையில் இருக்கிறது. நான் வலேன்சியாவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கடற்கரையைக் காட்டி, தேவாலயத்தைக் காட்டி, பாயேயா சாப்பிட வைத்து அனுப்பிவிடுவது வழக்கம். அக்காவுக்கு மூன்றாம் நாளே கடற்கரை அலுத்துவிட்டது. "இந்த ஊரில் யாராவது ஏதாவது விளைவிக்கிறார்களா?" என்று கேட்டாள். அது மே மாதக் கடைசி வாரம். கல்யினேராவில் செர்ரி பறிக்கும் காலம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பிவிட்டோம்.

பள்ளத்தாக்கில் மொத்தம் எட்டு ஊர்கள். கடலுக்கு அருகிலிருந்து மேற்கே ஏறிக்கொண்டே போனால் முதலில் பெனிராமா, பிறகு பெனியாலி, பெனிசிவா, பெனிதாயா, லா கரோஜா, அல்பத்ரோ, ல்யோம்பாய், கடைசியில் பெனிசிலி. எட்டையும் சேர்த்தால் சுமார் அறுநூறு பேர். எட்டுக்கும் ஒரே நகராட்சி. காரில் நிற்காமல் போனால் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம்.

இதைப் படித்துவிட்டு, நிதானப் பயணம் என்று இப்போது விற்கிறார்களே, அந்த ரகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிதானத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எங்கள் நிதானத்துக்கு இரண்டே காரணங்கள். ஒன்று, அக்காவின் இடது முழங்கால். மற்றது, எந்த வயலைக் கண்டாலும் நின்று விசாரிக்கும் அவள் பழக்கம்.

வெள்ளிக்கிழமையே அந்தப் பழக்கம் வேலையைக் காட்டியது. பெகோவுக்கும் ஒலிவாவுக்கும் நடுவே ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. ஊற்று நீர் பெருகிக் கிடக்கும் இடம். அங்கே நெல் பயிரிடுகிறார்கள். பொம்பா என்ற குட்டையான, உருண்டையான அரிசி. குழம்பை எவ்வளவு குடித்தாலும் குழையாது. அக்கா வரப்பில் இறங்கி நின்றுவிட்டாள். ஸ்பானியர்கள் அரோஸ் என்று சொல்வதன் மூலமே நம்முடைய 'அரிசி'தான் என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதுவது தமிழ்ப் பயணக் கட்டுரைகளின் மரபு. மொழியியல் அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம் அது. நான் அந்தப் பத்தியை எழுதப்போவதில்லை.

நெல்லைப் பார்த்து முடித்து நாங்கள் பதிவு செய்திருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. வெயில் இன்னும் இருந்தது. சாவி வாசலில் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கும், எண்ணை அழுத்தினால் திறக்கும் என்று எழுதியிருந்தார்கள். எண்ணை அழுத்தினோம். திறக்கவில்லை. தலைகீழாக அழுத்தினோம். வீட்டுக்காரருக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரின் நடுவே ஒரு நீரூற்று, பக்கத்தில் கூரை போட்ட பழைய துணி துவைக்கும் தொட்டி, அதன் ஓரத்தில் கல் பெஞ்சு. பயணப் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மொத்தம் இரண்டு மணி நேரம்.

இந்தக் கட்டுரையில் உருப்படியாக ஏதாவது இருக்கிறது என்றால் அது அந்தப் பூட்டின் கைங்கரியம்.

முதல் அரை மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு பூனை வந்தது. அதற்குப் பிறகு, வாளியோடு ஒரு பெரியவர். எண்பதுக்கு மேல் இருக்கும். வாளியை ஊற்றுக்கடியில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். சொன்னேன். "தூரம்தான்" என்று ஒப்புக்கொண்டார். நீங்கள் இந்த ஊர்தானே என்று நான் மரியாதைக்குக் கேட்டேன்.

"இல்லை. நாங்கள் மயோர்க்காவிலிருந்து வந்தவர்கள்."

மயோர்க்கா கடலுக்கு அப்பால் இருக்கும் தீவு. அப்படியானால் எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். வாளி நிரம்பும் வரை பொறுத்திருந்து, தூக்கிக்கொண்டு, சொன்னார்: "1611."

நான் மொழிபெயர்த்ததும் அக்கா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னது போலவும் தெரியவில்லை. நானூறு ஆண்டு ஒரே ஊரில் இருந்துவிட்டு இன்னும் தன்னை வந்தேறி என்று சொல்லிக்கொள்ள ஒரு மனிதருக்கு முடிகிறது என்றால், அந்த ஊர் அவருக்கு அதை மறக்க இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். எப்படி மறப்பது? முகவரி எழுதும்போதெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய பிள்ளைகளின் பெயரை அல்லவா எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் பத்து மணிக்கு அழைத்தார். எண் போன வாரமே மாறிவிட்டதாம்.

அலியின் மக்கள் எங்கே போனார்கள் என்ற கதையை அன்று இரவு அக்காவுக்குச் சொன்னேன். வலேன்சியாவை ஆரகோன் அரசன் முதலாம் ஜாவ்மே 1238-ல் பிடித்தான். அரசன் மாறினானே தவிர, மலைப்பள்ளத்தாக்குகளில் உழுதவர்கள் மாறவில்லை. அரபு பேசிய முஸ்லிம்கள் குத்தகை கொடுத்துக்கொண்டு அதே நிலத்தில் இருந்தார்கள். 1520-களில் கட்டாய ஞானஸ்நானம் வந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர். ஏட்டில் கிறிஸ்தவர், ஊர் கண்ணில் சந்தேகத்துக்குரியவர். இன்னும் மூன்று தலைமுறை அப்படிப் போயிற்று. கடைசியில் மூன்றாம் ஃபெலிப்பே அரசன் எல்லோரையும் நாட்டை விட்டே அனுப்பிவிட முடிவு செய்தான். 1609 செப்டம்பர் 22-ஆம் தேதி வலேன்சியாவில் ஆணையைப் படித்தார்கள். மூன்று நாளில் கிளம்ப வேண்டும். தூக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளலாம். டேனியா போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வட ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஓரானுக்குப் போயின. வலேன்சிய நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சில மாதங்களில் காணாமல் போனது.

எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடவில்லை. கல்யினேராவுக்குத் தெற்கே லாகுவார் என்று இன்னொரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு மலைக்குப் பெயர் பச்சைக் குதிரை. ஆயிரக்கணக்கானவர்கள் பெண்டு பிள்ளைகளோடு அந்த மலை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மலைக்குள் ஒளிந்திருக்கும் வீரன் பச்சைக் குதிரையில் வெளியே வந்து காப்பாற்றுவான் என்று நம்பினார்கள். நவம்பரில் படை வந்தது. குதிரை வரவில்லை.

அக்காவை உலுக்கியது வேறொன்று. வெளியேற்றும் ஆணையிலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது: நூறு வீட்டுக்கு ஆறு வீடு இருந்துகொள்ளலாம். எதற்கு? வீடுகளையும் கரும்பாலைகளையும் நெல் அறுவடையையும் பாசன வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்ள. புதிதாகக் குடியேற வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. இருக்க ஒப்புக்கொண்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

"எப்படி ஒப்புக்கொள்வார்கள்?" என்றாள் அக்கா. விளக்கை அணைத்த பிறகு, "எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று இருட்டில் இன்னொரு முறை கேட்டாள். நான் தூங்கிவிட்டது போல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கீழ் ஊர்களுக்கு நடந்து இறங்கினோம். எட்டு ஊர்களையும் கோக்கும் பழைய கோவேறு கழுதைப் பாதை இன்னும் இருக்கிறது. சில இடங்களில் கல் பாவியது, சில இடங்களில் வெறும் மண். சாலைக்கு மேலும் கீழும் போய் வருகிறது. கார்கள் குறைவு. ரொட்டிக்காரரின் வேன் ஊருக்கு ஊர் நின்று ஹாரன் அடிப்பது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். எந்த ஊரில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். மத்தியதரைக் கடற்கரை என்றதும் மனதில் வரும் வெள்ளை வீடும் நீலக் கதவும் இங்கே இல்லை. காவி நிறச் சுவர்கள், ஓட்டுக் கூரைகள், கதவை மூடிய சங்கிலித் திரைகள். பெனிசிவாவில் ஒரு சந்து என் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. மசூதி இருந்த காலத்து அமைப்பிலேயே ஊர் நின்றுவிட்டது. தேவாலயம் மட்டும் பிறகு வந்து நடுவில் உட்கார்ந்தது.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் பார்க்க வேண்டியது ஊர் இல்லை, சுவர். மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை படிப்படியாக வெட்டிய வயல்கள். ஒவ்வொரு படியையும் தாங்கிப் பிடிக்க ஒரு கல் சுவர். சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது, வெறும் கல் மேல் கல். ஒரு ஆள் உயரம், சில இடங்களில் இரண்டு ஆள். நிலத்தைப் பொறுக்கிச் சுத்தம் செய்தபோது வந்த கல்லே சுவராகிவிட்டது. அடியில் பெரிய கற்கள், முன்முகம் லேசாக மலைப் பக்கம் சாய்ந்திருக்கும், முதுகுப்புறம் சில்லுக் கற்களை நிரப்பியிருப்பார்கள். மழை பெய்தால் நீர் அந்தச் சில்லு வழியே இறங்கி இடுக்குகளில் கசிந்து போய்விடும். சிமெண்டு வைத்துக் கட்டினால் நீர் பின்னால் தேங்கி, ஒரே மழையில் சுவர் வெடித்துவிடும். அதாவது ஓட்டையாக இருப்பதுதான் அதன் பலம். சாந்தில்லாக் கற்கட்டு என்ற இந்தக் கலையை யுனெஸ்கோ 2018-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயினோடு குரோஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, சுவிட்சர்லாந்து ஆகியவையும் அப்போது அதில் பங்காளிகள்.

சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது மேல்படியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வாளிக்காரப் பெரியவர். ஏணி மேல் நின்று செர்ரி பறித்துக்கொண்டிருந்தார், எண்பது வயதில். கீழே அவருடைய மகளும் பேரனும் கூடைகளோடு. அக்கா என்னிடம் சொல்லாமலே ஏறிப் போய்விட்டாள்.

மொழி இல்லாமல் இரண்டு பேர் விவசாயம் பேச முடியும் என்பதை அன்று கண்டேன். அக்கா மரத்தின் அடியைக் காட்டுவாள். அவர் விரல்களால் வயதைச் சொல்லுவார். பணம், உரம், மழை எல்லாவற்றுக்கும் கையசைவு இருந்தது. சிக்கலான இடங்களில் மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம் புதன்கிழமை மழை பெய்திருந்தது. பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் செர்ரி நீரைக் குடித்து வீங்கித் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை யாரும் வாங்க மாட்டார்கள். கூடையில் பாதி அப்படித்தான் இருந்தது. அலிகாந்தே மலைச் செர்ரி என்று புவிசார் அடையாளம் பெற்ற பழம் இது. பெட்டியில் முத்திரை ஒட்டி அனுப்புவார்கள். முத்திரை மழையைத் தடுக்காது. இன்னொரு பக்கம், குளிர்காலம் போதுமான அளவு குளிராமல் போனால் மரம் தூங்கி எழுந்த மாதிரியே இருக்காது, பூவும் பிஞ்சும் சரியாகக் கட்டாது. குளிராத ஆண்டுகள் வரவரக் கூடுகின்றன என்று மகள் சொன்னார்.

"பறிகூலி போக என்ன மிஞ்சும்?" இது அக்கா. எந்த நாட்டிலும் அவள் முதல் கேள்வி இதுதான்.

"கூலி போக என்றால் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் கூலிக்கு ஆள் வைக்கவில்லை" என்றார் மகள். அவர் வார நாட்களில் காந்தியாவில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். (காந்தியா கடற்கரையை ஒட்டிய ஊர். பெயரைக் கேட்டு நாம் பூரிக்க வேண்டியதில்லை. போப்பாண்டவர் குடும்பமான போர்ஜாக்களின் கோட்டை அது. மயோர்க்காக்காரர்களை 1611-ல் சாசனம் எழுதிக் குடியேற்றியவரும் காந்தியாவின் பிரபுதான். ஆள் இல்லாத நிலத்தில் யாரிடம் குத்தகை வாங்குவது?)

டிராக்டர் இந்தப் படிகளில் ஏறாது. கோவேறு கழுதை ஏறும். ஆனால் கழுதையோடு நாளெல்லாம் நடக்க இப்போது ஆள் இல்லை. எனவே மேல்படிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வருகிறார்கள். பெரியவரின் தாத்தா காலத்தில் உச்சி வரை பயிர். அப்போதே அதுவும் போதவில்லை. திராட்சைக் கொடிகளை ஃபைலாக்செரா பூச்சி தின்று இந்தப் பக்கத்து உலர்திராட்சை வியாபாரம் படுத்த பிறகு, வேலை தேடி எங்கே போனார்கள் தெரியுமா? அல்ஜீரியாவுக்கு. அறுவடைக் காலத்துக்குப் போய்விட்டு, தகைவிலான் குருவி மாதிரித் திரும்பி வருவார்கள். தாத்தாவும் போயிருக்கிறார், ஓரானுக்கு. அலியின் மக்கள் இறங்கிய அதே துறைமுகம். இதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் மொழிபெயர்க்க முடியாமல் சற்று நின்றேன்.

பெனிதாயாவில் ஒரு பழைய பிரான்சிஸ்கன் மடத்தின் சிதைவு இருக்கிறது. எதிரே தெற்கு மலை முகட்டில், பாறையில் இயற்கையாக விழுந்த ஒரு பெரிய ஓட்டை. ஃபொராதா, அதாவது 'துளைத்தது' என்று பெயர். அக்டோபர் 4 அசிசி பிரான்சிஸ் திருநாள். அந்த நாளை ஒட்டி, சூரிய ஒளி அந்தத் துளை வழியாகப் புகுந்து, சுற்றிலும் நிழலாக இருக்கும்போதே மடம் இருந்த இடத்தில் மட்டும் விழும். மார்ச் தொடக்கத்தில் இன்னொரு முறை. பார்க்கக் கூட்டம் கூடுகிறது. நாங்கள் மே மாதம் போனதால் துளையை மட்டும் பார்த்தோம். பின்னால் வானம் தெரிந்தது.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் இங்கே எஸ்மொர்சார் என்று ஒன்று உண்டு. பத்து, பத்தரைக்குச் சாப்பிடுவது. இதைக் காலைச் சிற்றுண்டி என்று சொன்னால் வலேன்சியர்கள் கோபித்துக்கொள்வார்கள். அரை முழ நீள ரொட்டிக்குள் எதையாவது அடைத்து, கூடவே வறுத்த நிலக்கடலை, ஊறவைத்த ஆலிவ். நிலக்கடலையைக் கண்டதும் அக்காவுக்கு நாட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது. அவள் இறைச்சி சாப்பிடுவதில்லை; எனவே சுட்டுத் தோலுரித்த குடைமிளகாயும் கத்தரிக்காயும் எண்ணெயில் மிதக்கும் எஸ்பென்காத் கேட்டேன். கடைக்கார அம்மாள் கொண்டு வந்து வைத்தார், மேலே உப்புக் கருவாட்டுத் துண்டுகளோடு. "இது மீன், இறைச்சி இல்லையே?" என்றார் உண்மையான வியப்போடு. அக்கா கருவாட்டை என் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் கத்தரிக்காயை முடித்தாள். நான் சொப்ராசாதா தடவிய ரொட்டி சாப்பிட்டேன். மிளகாய்த்தூள் சேர்த்த, பிசைந்த பன்றித் தொத்திறைச்சி, மயோர்க்காவின் பண்டம். முஸ்லிம்கள் போன ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். தெற்கே தார்பேனா என்று ஒரு மலையூரில் இன்றும் மயோர்க்காத் தீவின் பேச்சு வழக்கின் சாயலோடு பேசுகிறார்கள். இங்கே பேச்சு மாறிவிட்டது, சாப்பாடு தங்கிவிட்டது. எங்கும் அப்படித்தானே நடக்கிறது.

பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை பள்ளத்தாக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நாங்களும் தூங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மேல் ஊர்கள். லா கரோஜாவை வேகமாகக் கடந்தோம். அல்பத்ரோ கொஞ்சம் பெரிய ஊர். பேரக்குழந்தைகள் நகரத்திலிருந்து வந்திருந்ததால் தெருவில் பந்து ஓடிக்கொண்டிருந்தது. ல்யோம்பாயில் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கிருந்து பெனிசிலிக்குப் போகும் வழியெல்லாம் மலைச்சரிவு வேறு நிறமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் பக்கத்துப் பள்ளத்தாக்கான எபோவில் ஒரு மின்னல் விழுந்து காட்டுத்தீ பிடித்தது. அணைவதற்குள் சுமார் 12,000 ஹெக்டேர் எரிந்துபோனது. கல்யினேராவின் ஊர்களிலிருந்தும் மக்களை வெளியேற்றினார்கள். தீ பரவியதற்கு வறட்சி ஒரு காரணம். கைவிட்ட படிகளில் பைனும் புதரும் மண்டிக் கிடந்தது இன்னொரு காரணம். உழுத வயல் தீயை நிறுத்தும், காடான வயல் அழைத்து வரும்.

எரிந்த பிறகுதான் ஒன்று தெரிந்ததாம். புதருக்கடியில் மறைந்திருந்த சுவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன, உச்சி வரை. இவ்வளவு மேலே யார் போய்க் கட்டினார்கள் என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரியவில்லை. நாங்கள் பார்த்தபோது மறுபடி பசுமை ஏறத் தொடங்கியிருந்தது. ஆனாலும் கரிந்த அடிமரங்களுக்கு நடுவே வரிவரியாக வெள்ளைக் கல். அக்கா எண்ணப் பார்த்தாள். நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டாள்.

பெனிசிலிக்கு மேலே ஒரு இடிந்த கோட்டை. ஏறுவதற்கு அக்காவின் முழங்கால் சம்மதிக்கவில்லை. நான் மட்டும் போனேன். கோட்டை என்று சொல்லும்படி மிச்சமிருப்பது சில சுவர்த் துண்டுகளும் காற்றும்தான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் நீள்கிறது, கடைசியில் ஒரு கீற்றுக் கடல். இந்த மலைகளின் தலைவனாக 13-ஆம் நூற்றாண்டில் இருந்தவனுக்கு அல்-அஸ்ரக் என்று பெயர். அரபு மொழியில் 'நீலன்'. கண் நீலமாக இருந்ததால் என்று சொல்கிறார்கள். ஜாவ்மே அரசனின் மகன் அல்ஃபோன்சோவோடு 1245-ல் அவன் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டான். அந்த ஏடு பார்சலோனாவில் ஆரகோன் அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு வரி காஸ்தீலியம் (அதாவது ஸ்பானிய மொழி), ஒரு வரி அரபு என்று இரண்டு மொழியும் மாறி மாறி வரும். வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒன்றைச் சொல்வதில்லை. காஸ்தீலிய வரிகளில் நீலன் இளவரசனுக்கு அடிமைப்பட்டு, வணங்கி, கோட்டைகளைக் கொடுக்கிறான். அரபு வரிகளில் இரண்டு தலைவர்கள் சிறிது காலத்துக்குச் சமாதானம் பேசிக்கொள்கிறார்கள். கௌரவம் குறைந்தவர் யாருமில்லை. இரு தரப்பும் தங்கள் மொழியில் இருந்ததைப் படித்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். திருப்தி அதிக நாள் நீடிக்கவில்லை. சீக்கிரமே கிளர்ச்சி வெடித்தது. 1258-ல் அவனை நாடு கடத்தினார்கள். 1276-ல் திரும்பி வந்து அல்கோய் நகரைத் தாக்கியபோது இறந்தான். அல்கோய்க்காரர்கள் ஆண்டுதோறும் ஏப்ரலில் அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். பாதிப் பேர் மூர்களாகவும் (அந்தக் கால முஸ்லிம்களுக்கு இங்கே அப்படித்தான் பெயர்) பாதிப் பேர் கிறிஸ்தவர்களாகவும் வேடம் கட்டி, வெடி வெடித்து. வேடம் கட்டுகிறவர்களில் மூர் பக்கத்துக்குத்தான் உடை அழகு என்று ஒரு அல்கோய் நண்பர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

கீழே வந்து இதைச் சொன்னதும் அக்கா யோசித்தாள். "எங்கள் வங்கியின் கடன் பத்திரமும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் படிப்பது ஒன்று, கையெழுத்துப் போடுகிறவன் நினைத்துக்கொள்வது ஒன்று."

திரும்பும்போது மாலை ஐந்து மணி. காரை எடுக்குமுன் பெரியவரிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று தோட்டத்துக்கு ஏறினோம். செர்ரி பறிப்பு முடிந்திருந்தது. வெடித்த பழங்களை ஒரு தனிப் பெட்டியில் நிரப்பி எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார்; அன்றே சாப்பிட்டுவிட வேண்டும் என்றார். காசு கொடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

தோட்டத்தின் கோடியில் சுவர் ஒரு இடத்தில் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு வயிறு போட்டுவிட்டது என்று இவர்கள் சொல்வார்கள். அதற்கு அப்பால் நாலு முழ நீளத்துக்குச் சரிந்தே போய்விட்டது. அதற்குப் போர்த்தேல் என்று பெயர், இடைவெளி. மழை நீர் இனி எப்போதும் அந்த இடத்தைத் தேடி வரும். அடுத்த படியையும் இடிக்கும், அதற்கடுத்ததையும். பெரியவர் அதைத்தான் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பேரன் கல் பொறுக்கிக் கொடுத்தான், அவ்வளவு ஆர்வத்தோடு என்று சொல்ல முடியாது. ஒரு கையில் கைபேசி.

இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அக்கா கேட்கச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை இரவுக் கேள்வி இன்னும் அவளுக்கு ஆறவில்லை. கேட்டேன்.

"அப்பா."

"அவருக்கு?"

"அவர் அப்பா." கொஞ்சம் யோசித்து, சரிந்து கிடந்த கற்களைக் காட்டினார். "முதலில் வந்தவர்களுக்கு இதுதான் சொல்லிக்கொடுத்திருக்கும். இடிந்த சுவரைப் பிரித்துப் பார்த்தால் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்." மயோர்க்காவிலும் இதே மாதிரிச் சுவர்கள் உண்டு, அதனால் கை புதிதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். நீளமான ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கையாலும் தூக்கி, சுவர் மேல் நீளவாட்டில் அழகாகப் பொருத்தி வைத்தாள். முன்பக்கம் ஒரே நேர்கோடு. எனக்கே பெருமையாக இருந்தது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கல்லை எடுத்தார். நீளம் மலைக்குள் போகும்படி குறுக்கே திருப்பினார். முகத்தில் கையகலம் மட்டும் வெளியே தெரிய, மீதி முழுவதும் உள்ளே மறைந்தது. கீழே ஒரு சில்லைச் செருகிச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இன்னொரு கல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.